கற்பூரம் காட்டினா காப்பிரைட் வராது

வாங்கண்ணே, வாங்க. செருப்போடயே வாங்க, பரவாயில்ல. அந்தச் சேர்ல மட்டும் உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். அதுல எங்க தபேலாக்காரர்தான் உக்காருவாரு. அவருக்கு எதையாவது ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் தாளம் வரும். இப்படி வாங்க. கீழ டீ சொல்லியிருக்கேன்.

வையம்பட்டிக்கு மேக்கன்னு போன்ல சொன்னீங்கல்ல? மாரியம்மன் திருவிழா, பூச்சொரிதல் அன்னைக்குக் கச்சேரி. சந்தோசம். கொம்புத்தேன் இன்னிசைக் குழுன்னா மணப்பாறையில தெரியாத ஆள் கிடையாது. வாசல்ல போர்டு பாத்திருப்பீங்க. கொம்புத்தேன் வையாபுரி, நாந்தான். ஃபோட்டோ கொஞ்சம் பழசு. அப்ப முடி இருந்துச்சு.

என்ன கேட்டீங்க? அந்தப் பொண்ணு பாட வருமாவா?

பாத்தீங்களா, இதைத்தான் வர்றவன் போறவன் எல்லாம் கேக்குறான். எத்தனை வருசமா மேடையில நிக்கிறவன் நானு! "வையாபுரி, நீ பாடுவியா?"ன்னு ஒருத்தன் கேட்டதில்ல. ஒரு தடவை ஒரு ஊர்ல கேட்டாங்க. நிறுத்தச் சொல்லிக் கேட்டாங்க. அதை விடுங்க.

அந்தப் பொண்ணு இப்ப வர்றதில்லண்ணே. கோவம். ஏன் கோவம்னு சொல்றேன், முழுசாக் கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. உங்க ஊர்ல பஞ்சாயத்துப் பேசுற ஆளுதானே நீங்க?

கொரோனாவுல மேடையெல்லாம் படுத்துருச்சா, சேனல் ஆரம்பிக்கலாம்னு ஒரு யோசனை. பாட்டுப் பாடி வீடியோ எடுத்துப் போடுறது. ஆனா பாட ஆள் வேணும்ல? அப்ப ஒரு பாத்திரக்கடை ஆட்டோ தெருத்தெருவா சுத்திக்கிட்டு இருந்துச்சு. குக்கர் வாங்கினா தோசைக்கல் இலவசம்னு ஒரு பொம்பளைப் பிள்ளை குரல். கூம்பு ஸ்பீக்கர், ஒரே கரகரப்பு. அந்தக் கரகரப்புக்குள்ள "தோசைக்கல்"னு அது சொன்ன விதம் இருக்கே, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுருச்சு. வண்டியை எடுத்துக்கிட்டு ஆட்டோ பின்னாலயே போனேன். என் வீட்டுக்காரி இன்னமும் நான் தோசைக்கல்லுக்காகத்தான் போனேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா.

விசாரிச்சா அந்தக் கடையிலயே பில் போடுற பொண்ணு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாடுமாம். கூட்டிட்டு வந்தேன். எங்க கீபோர்டு ஆளு பெலிக்ஸ், நல்ல பையன், வாயைத் திறக்க மாட்டான். ரெண்டு பேரையும் என் மொட்டைமாடியில உக்கார வச்சு ஒரு பழைய காதல் பாட்டு எடுத்தோம். எந்தப் பாட்டுன்னு கேக்காதீங்க. இப்பல்லாம் பேரைச் சொல்லவே பயமா இருக்கு.

போட்டோம். பிச்சுக்கிச்சுண்ணே! துபாயிலேர்ந்து ஒருத்தர் அழுதுக்கிட்டே எழுதியிருந்தாரு. அடுத்தடுத்துப் போட்டோம். எல்லாத்துக்கும் கூட்டம். அப்புறம் ஒரு நாள் காலையில பாத்தா வீடியோவுக்கு ஒரு அறிவிப்பு வந்து நிக்குது. இந்த இசை எங்களுக்குச் சொந்தம், விளம்பரத்துல வர்ற காசு எங்களுக்குன்னு ஏதோ ஒரு கம்பெனி.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். அண்ணே, பாட்டை எழுதினது ஒருத்தர். மெட்டுப் போட்டது ஒருத்தர். பாடினது ரெண்டு பேர். மரத்தைச் சுத்தி ஓடினது ரெண்டு பேர். இதுல யாருமே இல்லாத ஒரு கம்பெனிக்கு அது சொந்தமாம். சரி, நான் என்ன அவன் கேசட்டையா தட்டிவிட்டேன்? என் கீபோர்டு, என் தபேலா, என் மாடி, என் கொழுந்தியா புடவையைக் கட்டித் தொங்கவிட்ட திரை. அதுக்குக் கீழ அவன் பேரு! காசு போனாப் போகுதுண்ணே. ஒருத்தன் உழைப்புக்குக் கீழ இன்னொருத்தன் பேரை எழுதினா வயிறு எரியுமா எரியாதா? சொல்லுங்க.

எரியும்ல? அதான்.

ஊருக்குள்ள ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. சுருதியை அரைக் கட்டை ஏத்தினா, பாட்டைக் கண்டுபிடிக்கிற மெஷினுக்குத் தெரியாதுன்னான் ஒருத்தன். ஏத்தினோம். பாட்டு, பூனை வாலை மிதிச்ச மாதிரி ஆச்சே தவிர மெஷினுக்குத் தெரிஞ்சுருச்சு. நடுவுல மழைச் சத்தம் போடச் சொன்னான் இன்னொருத்தன். போட்டோம். அதையும் தாண்டிப் பிடிச்சுருச்சு. "இப்பாடலின் உரிமை உரியவருக்கே, இது பொழுதுபோக்குக்கு மட்டுமே"ன்னு முதல்லயே எழுதிப் போட்டா ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. அதையும் பெரிய எழுத்துல போட்டேன். என் வீட்டுக்காரி பாத்துட்டு, "அடுத்த வீட்டுக் கோழியை அடிச்சுக் குழம்பு வச்சுட்டு, இது அடுத்த வீட்டுக் கோழின்னு சட்டியில எழுதி ஒட்டுறீங்களா?"ன்னா. அவளுக்கு எப்பவும் கொஞ்சம் வாய் நீளம்.

நானும் விடல. இது எங்க சொந்தக் குரல், சொந்த வாசிப்பு, உங்க உரிமை செல்லாதுன்னு மறுத்து எழுதினேன். அவன் மாட்டேன்னான். மறுபடி மறுத்தேன். பேசாம இருந்திருந்தா காசு மட்டும்தான் போயிருக்குமாம். நான் மல்லுக்கு நிக்கவும் வீடியோவையே தூக்கிட்டு ஒரு ஸ்ட்ரைக் குத்திட்டான். மூணு ஸ்ட்ரைக் ஆச்சுன்னா சேனலே காலி.

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. முறுக்கும் எடுத்துக்குங்க. மணப்பாறைக்கு வந்துட்டு முறுக்கு வேணாங்கக் கூடாது.

அப்புறம்தான் வக்கீல் பரஞ்சோதிகிட்ட போனேன். கோர்ட்டுக்கு எதுத்தாப்புல ஆபீசு. கெட்டிக்காரரு, ஆனா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டாரு, மொத்தத்தையும் சொல்லுவாரு. மறுபடி பாடிப் பதிவு பண்ணச் சட்டத்துல வழி இருக்காம். முதல் பதிவு வந்து அஞ்சு வருசம் கழியணும், முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்கணும், ஐம்பதாயிரம் காப்பிக்கு முன்பணம் கட்டணும், பாட்டை மாத்தக் கூடாது. அதுவும் ஒலிக்கு மட்டும்தானாம், வீடியோன்னா தனியா அனுமதி வாங்கணுமாம். மேடைக்கு வேற லைசென்ஸ். எனக்குத் தலை கிறுகிறுத்துருச்சு. எந்திரிக்கப் போறப்ப கடைசியா ஒண்ணு சொன்னாரு பாருங்க. "சாமி காரியம், சர்க்கார் விழா, கல்யாண ஊர்வலம், இதுலெல்லாம் பாட்டுப் போட்டா சட்டத்துல விலக்கு உண்டு."

அவ்வளவுதான். அதுக்கு மேல அவர் பேசினது ஒண்ணும் என் காதுல ஏறல. இத்தனை பெரிய சட்டத்துல இம்புட்டுப் பெரிய கதவு திறந்து கிடக்கு, ஒரு பயலும் உள்ள போகலையேன்னு இருந்துச்சு எனக்கு.

மறுவாரமே எடுத்தோம். தாம்பாளத்துல தேங்காய் பழம், பிள்ளையார் படம். முதல்ல கற்பூரம் காட்டுறோம், மணி அடிக்கிறோம், நான் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுக் கும்பிடுறேன். அப்படியே காதல் பாட்டு ஆரம்பிக்குது. கொஞ்சம் விரசமான பாட்டுதான். பிள்ளையாரு ஒண்ணும் சொல்லல, கம்பெனிக்காரன்தான் சொன்னான், காசு மறுபடி அவனுக்குன்னு. வக்கீலுக்குப் போன் போட்டா கத்துறாரு. "யோவ், சாமி கும்பிடுறப்ப பாட்டுப் பாடினா விலக்குய்யா. பாட்டுப் பாடுறதுக்காகச் சாமி கும்பிட்டா இல்ல. அதுவும் எடுத்து ஊருலகத்துக்கெல்லாம் போட்டா எப்படிய்யா?"

இந்த வக்கீல்களே இப்படித்தான். முதல்ல ஒண்ணு சொல்லுவாங்க, நாம செஞ்ச பெறகு வேற ஒண்ணு சொல்லுவாங்க.

சரி, கல்யாண ஊர்வலம் பாக்கி இருந்துச்சுல்ல? அந்தப் பொண்ணையும் பெலிக்ஸையும் பொண்ணு மாப்பிள்ளையா ஜோடிச்சேன். மாலை, நெத்திச்சுட்டி, ஒரு காரு, முன்னால பேண்டு. அந்தப் பொண்ணு ரொம்பத் தயங்குச்சு. "வேணாம் சார், எங்க தெரு வழியா வேணாம் சார்"னுச்சு. அந்தத் தெருவுலதான் வெளிச்சம் நல்லா விழும். நான் என்ன பண்றது? போனோம். பாட்டு உச்சத்துக்குப் போகுது, தெரு சனமெல்லாம் வெளிய வந்துருச்சு. ஒரு பெரியவர் கார் சன்னல் வழியா மொய்க் கவரைத் திணிச்சுட்டு, பந்தி எங்கன்னு கேக்குறாரு. அந்தப் பொண்ணோட அத்தை ஓடி வந்து, "சர்ச்சுல கல்யாண ஓலை வாசிக்காம, சாமியாருக்குச் சொல்லாம என்னடி கல்யாணம்!"னு மாலையைப் பிடிச்சு இழுக்குது. பேண்டுக்காரன் நிறுத்தாம வாசிக்கிறான். அண்ணே, தத்ரூபமா வந்துச்சு. அத்தை அழுததைக்கூட நான் வெட்டல, அப்படியே வச்சேன்.

அதுவும் போச்சு. ரெண்டாவது ஸ்ட்ரைக். நிசமான கல்யாணமா இருக்கணுமாம்.

அந்தப் பொண்ணுக்கு அப்ப ஒரு வரன் பேசிக்கிட்டு இருந்தாங்களாம். அந்த வீடியோவைப் பாத்துட்டு அவங்க ஒதுங்கிட்டாங்கன்னு பின்னால கேள்விப்பட்டேன். அதுக்கு நான் என்ன பண்றது? நடிப்பு எது, நிசம் எதுன்னு தெரியாத குடும்பத்துல வாழ்க்கைப்படாம தப்பிச்சுச்சேன்னு பாக்கணும். நானே நேர்ல போய் அதைத்தான் ஆறுதலாச் சொன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு.

"சார், கமெண்ட்ல எல்லாரும் யார் பாடுறதுன்னு கேக்குறாங்க. கெட்ட பேருதான் எனக்கு வந்துருச்சு. பாட்டுக்காவது என் பேரை ஒரு ஓரமாப் போடுங்க சார்."

நியாயமாத்தான் தெரியும் உங்களுக்கு. தொழில்ல இருக்குறவனுக்குத்தான் தெரியும் இதுல இருக்க சூட்சுமம். பேரைப் போட்டேன்னு வைங்க, அடுத்த நாளே திண்டுக்கல் கச்சேரிக் குழுக்காரன் கொத்திக்கிட்டுப் போயிருவான். அதனால யார் கேட்டாலும், "குரல்: கொம்புத்தேன்"னு பதில் போட்டுருவேன். என்னது? மத்தவங்க பேரு போடுவேனா? போடாம? தயாரிப்பு, இயக்கம், மேற்பார்வை, வாழ்த்துரை, நாலு எடத்துலயும் என் பேரு. கேமரா, என் மச்சினன். திரைச்சீலை, கொழுந்தியா. ஜெனரேட்டர் கொடுத்தவரு பேரு போட்டாகணும், இல்லேன்னா அடுத்த தடவை தர மாட்டாரு. நம்ம ஊர்ப் பழக்கம் தெரியாதா? உங்க திருவிழா நோட்டீஸ்லயே மைக் செட்டுக்காரன் பேரை விட்டுட்டா சும்மா இருப்பானா? வெட்டுக்குத்து ஆயிராது?

அந்தப் பொண்ணு பேரு மட்டும்தான் இல்ல. அதுகூட அது நல்லதுக்குத்தான்.

கேளுங்க, இனிமேத்தான் விசயமே. மூணாவது ஸ்ட்ரைக் வரக்கூடாது, அதனால சொந்தப் பாட்டே போட்டுருவோம்னு முடிவு பண்ணினோம். அம்மன் பாட்டு. ஆடி மாசம் வருது, ஓடும். அந்தப் பொண்ணு ரெண்டு மூணு மெட்டு முனகி வாட்ஸப்புல அனுப்புச்சு. நான் அப்ப சலூன்ல மூஞ்சியில சோப்போட உக்காந்திருந்தேன். கேட்டேன். சவரம் பண்றவரு கத்தியை எடுத்துட்டு நின்னுட்டாரு. "சூப்பர் பாப்பா, ரெண்டாவதை அப்படியே வச்சுக்குவோம்"னு பதில் போட்டேன். அது பாட்டையும் கட்டுச்சு. நான் நடுவுல "தாயே"ங்கிறதை "அம்மா தாயே"ன்னு மாத்தினேன். அங்கதான் பாட்டுக்கு உசுரே வந்துச்சு.

ஆமாண்ணே, நீங்க கேட்டேன்னு சொன்னீங்களே, அந்தப் பாட்டுதான். "பாடல், இசை, ஆக்கம்: கொம்புத்தேன் வையாபுரி." கம்பெனி இல்ல, கிம்பெனி இல்ல. ஊரூரா ஓடுச்சு. மொளப்பாரி தூக்கிப் போற பொம்பளைகளெல்லாம் அதைத்தான் பாடுதுங்க. ஒரு நாள் பஸ்ல போறேன், டிரைவர் அதைப் போட்டிருக்காரு. "இது நான் போட்ட மெட்டு"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னேன். எந்திரிச்சு எடம் கொடுத்தாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுண்ணே. நிசமாச் சொல்றேன்.

அப்பத்தான் நத்தத்துக்காரன் ஒருத்தன், ஒரு வெங்கலக் குரல் பொம்பளையை வச்சு அந்தப் பாட்டை மறுபடி பாடி அவன் சேனல்ல போட்டுட்டான். கேக்காமக் கொள்ளாம! எனக்கு ராத்திரி சோறு இறங்கல. என்ன உலகம் இது? ஒருத்தன் கஷ்டப்பட்டு ஒரு பாட்டை உண்டாக்குறான், இன்னொருத்தன் கீபோர்டைத் தூக்கிக்கிட்டு வந்து நோகாம நோம்பு கும்பிடுறான். சட்டம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? உடனே புகார் போட்டேன். இதுக்கு உரிமையாளர் நீங்கதானான்னு ஒரு கட்டம் கேக்கும். ஆமான்னு தட்டினேன். ஒரு தட்டுதான், அவன் வீடியோ பொசுக்குன்னு போச்சு. அந்தக் கம்பெனிக்காரன் ஏன் இதை விடாமப் பண்றான்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு. அப்படி ஒரு சொகம் அதுல.

நத்தத்துக்காரன் பேசாம இருந்திருக்கலாம்ல? அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி, "ஏம்மா, மெட்டு உங்க சாரோடதா?"ன்னு கேட்டிருக்கான். அது என்கிட்ட வந்துச்சு. சத்தமெல்லாம் போடல. "சார், அது என் பாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், போதும்"னுச்சு. நான் பக்குவமா எடுத்துச் சொன்னேன். "பாப்பா, குழுன்னா எல்லாம் பொதுதான். இதுல உன்னது என்னதுன்னு பிரிக்கக் கூடாது."

போயிருச்சு. மறுவாரம் என் வீடியோ இல்ல. அந்தப் பொண்ணுதான் புகார் போட்டிருக்கு. மெட்டு என்னது, பாட்டு என்னது, குரல் என்னதுன்னு. மூணாவது ஸ்ட்ரைக், அதுவும் என் சேனல்ல பாடின பிள்ளை கையால! ஆதாரம் என்னன்னு பாத்தா அது முனகி அனுப்பினதும், அதுக்குக் கீழ "சூப்பர் பாப்பா"ன்னு நான் போட்ட பதிலும். வக்கீல் பரஞ்சோதிகிட்ட ஓடினேன். "மன்னிச்சுக்கய்யா, நான் அந்தப் பொண்ணுக்கு ஆஜராகுறேன்"ங்கிறாரு. அவரை அதுக்கு அறிமுகம் பண்ணி வச்சதே நான்தாண்ணே!

சரி, எவ்வளவு எதிர்பாக்குதுன்னு கேட்டேன். ஒண்ணும் வேணாமாம். போட்ட வீடியோ எல்லாத்துலயும் பாடினவ பேரு, அம்மன் பாட்டுல எழுதி மெட்டமைச்சவ பேரு. அதுவும் முதல் வரியில. அதைச் செஞ்சா புகாரை வாபஸ் வாங்கிருமாம். இல்லேன்னா இந்த வாரத்தோட சேனல் மொத்தமா அழிஞ்சுரும். காசு கேட்டிருந்தாக்கூட பேசித் தீத்திருக்கலாம்ணே. பேரைக் கேட்டா என்ன பேசுறது? முதல் வரியில அது வந்துட்டா அப்புறம் நான் எங்க போறது, ரெண்டாவது வரிக்கா?

இப்பச் சொல்லுங்க. யார் பக்கம் நியாயம்?

என்னண்ணே எந்திரிக்கிறீங்க? முறுக்கு அப்படியே இருக்கு. இருங்கண்ணே, நான் பாடுறேன் அந்தப் பாட்டை. மெட்டு எனக்கு அத்துப்படி. வேணாமா? சரி வேணாம். நத்தத்துப் பொம்பளை? அதுவும் வேணாமா? அந்தப் பொண்ணே வந்து பாடணும், இல்லேன்னா கச்சேரியே வேணாம்னு ஊர்க்கூட்டத்துல முடிவா? அட, பொம்பளையாளுக எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்களா? அப்பச் சரி, அதை மாத்த முடியாது.

உக்காருங்க. கூட்டிட்டு வர்றேன். வையாபுரி சொன்னா வராமயா போயிரும்? நீங்க நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துருங்க.

பேரா? "கொம்புத்தேன் குழுவின் தேன்குரல்"னு போட்டுக்குங்க, நல்லா இருக்கும். ஏன், எல்லார் பேரும் போட்டிருக்கு, பாடுற புள்ள பேரு இல்லாம எப்படின்னா... அதுவும் சரிதான். பேரு வந்து... நாங்க பாப்பான்னுதான் கூப்பிடுவோம். போன்லகூட "பாப்பா சிங்கர்"னுதான் போட்டு வச்சிருக்கேன். சகாயம்னு ஆரம்பிக்கும்ணே. சகாய மேரியா, சகாய ராணியா... இனிசியலு... அப்படிப் பாக்காதீங்க. ஒரு நிமிசம். கேட்டே சொல்லிர்றேன். ரிங்கு போகுது.

ஹலோ... ஆங், ஹலோ பாப்பா. நாந்தான்மா. நாந்தான்... குரல் தெரியலையா? வையாபுரிம்மா. கொம்புத்தேன் வையாபுரி.

எந்த வையாபுரின்னு கேக்குதுண்ணே.

இல்லம்மா, வச்சுராத, வச்சுராத. பக்கத்துல பெரிய மனுசங்க இருக்காங்க. எந்த வையாபுரின்னா... அதாம்மா, உன் பாட்டுக்கு என் பேரைப் போட்டேனே, அந்த வையாபுரி.